கொம்பு யார் கைக்குப் போகும்? ஓடினையும் தோரையும் கும்பிடுறவங்களுக்குள்ள அம்பது வருஷமா நடக்குற சண்டை

தோர், ஓடின், லோகின்னு சொன்னா நம்மள்ல முக்கால்வாசிப் பேருக்கு சினிமாவும் வீடியோ கேமும்தான் ஞாபகத்துக்கு வரும், ஆனா வடக்கு ஐரோப்பாவோட இந்தப் பழைய சாமிகளை இன்னைக்கும் நிஜமாவே கும்பிடுறவங்க இருக்காங்க, ஐஸ்லாந்துல, அமெரிக்காவுல, ஜெர்மனில, டென்மார்க்ல, இங்கிலாந்துல எல்லாம். ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி கிறிஸ்தவம் வந்தப்போ அறுந்துபோன ஒரு வழிபாட்டை, மிச்சம் கிடைச்ச பழைய பாட்டு, கதை, ரூன் எழுத்து செதுக்கின கல்லு, மண்ணுக்குள்ள இருந்து தோண்டி எடுத்த பொருளுன்னு இதையெல்லாம் வெச்சு மறுபடி கட்டி எழுப்பிட்டு இருக்காங்க. ஆசாத்ருன்னு சிலர் சொல்வாங்க, ஹீதன்னு சிலர் சொல்வாங்க, பழைய வழக்கம்னு அர்த்தம் வர்ற மாதிரி ஃபோர்ன் சேட்னு ஸ்காண்டிநேவியாவுல சொல்வாங்க. 2013-ல நடந்த ஒரு ஆன்லைன் கணக்கெடுப்புல 98 நாட்டுல இருந்து 16,700 பேர் பதில் குடுத்தாங்க, அதுல கிட்டத்தட்ட பாதி அமெரிக்கக்காரங்க. எல்லாரும் பதில் சொல்லியிருக்க மாட்டாங்கதான், ஆனா எப்படிக் கூட்டிப் பாத்தாலும் ரொம்பச் சின்னக் கூட்டம்.

அந்தச் சின்னக் கூட்டத்தை ரெண்டா மூணா பிளந்து போட்டது ஒரே ஒரு கேள்வி. இந்த சாமியை யார் கும்பிடலாம்? வடக்கு ஐரோப்பிய ரத்தம் இருக்குறவங்க மட்டுமா, இல்ல மனசு இழுத்தா யார் வேணா வரலாமா? கறுப்பினத்தவர் ஒருத்தர் வந்து தோர் பேரைச் சொல்லி பூஜை மதுக் கொம்பைத் தூக்கலாமா, ரெண்டு ஆம்பளைங்க ஓடின் முன்னாடி கல்யாணம் பண்ணிக்கலாமா? வெளியில இருந்து பாக்குறவங்களுக்கு இது ஏதோ ஒரு மூலையில நடக்குற தகராறு மாதிரி தோணும். எனக்கு அப்படித் தோணல. பழசை மீட்டெடுக்குறோம்னு கிளம்புற எந்தக் கூட்டத்துக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வாசல்ல வந்து நிக்கும், இவங்களுக்கு அது முதல் நாள்லயே வந்து நின்னுருச்சு, அதனால இவங்க கதையை நிதானமா பாக்கணும்னு நினைக்கிறேன்.

முதல்ல இவங்க என்ன பண்றாங்கன்னு தெரிஞ்சாதான் சண்டை ஏன் இவ்ளோ சூடா இருக்குன்னு புரியும். இவங்களுக்கு போப் மாதிரி ஒரு தலைவர் கிடையாது, எல்லாரும் ஒத்துக்குற வேத நூலும் கிடையாது. பெரும்பாலும் பத்து இருபது பேர் சேர்ந்த சின்னச் சின்ன குழுதான், அமெரிக்காவுல அதை கிண்ட்ரெட்னு சொல்றாங்க, நம்ம ஊர் வார்த்தைல பங்காளிங்கன்னு வெச்சுக்கலாம், ஆனா பிறப்பால வந்த பங்காளி இல்ல, சேர்ந்து சத்தியம் பண்ணினதால வந்த பங்காளி. பூஜைக்கு ப்ளோட்னு பேரு, பழைய காலத்துல ஆடு மாடு பலி, இப்ப பெரும்பாலும் தேன்ல இருந்து செஞ்ச மீட் மதுவை சாமிக்கு ஊத்துறது. இன்னொன்னு சும்பெல். எல்லாரும் வட்டமா உக்காந்து ஒரு மாட்டுக் கொம்புல மதுவை ஊத்தி சுத்த விடுவாங்க, முதல் சுத்துல சாமி பேர், ரெண்டாவது சுத்துல முன்னோர் பேர் இல்ல வீரர் பேர், மூணாவது சுத்துல அவங்கவங்க சத்தியமோ பெருமையோ. அந்தக் கொம்பைக் கையில வெச்சுக்கிட்டு சொல்ற வார்த்தை சும்மா காத்துல போறது இல்லன்னு இவங்க நம்புறாங்க, அது உர்த் தேவதையோட கிணத்துல போய் விழுது, சொன்னவனை மட்டும் இல்ல, அங்க உக்காந்து கேட்ட எல்லாரோட விதியையும் அது தொடும். ஒருத்தன் பொய் சத்தியம் பண்ணினா பக்கத்துல இருக்குறவனோட அதிர்ஷ்டமும் கெடும்.

இதை நம்புற ஒருத்தருக்கு பக்கத்துல யார் உக்காந்திருக்காங்கங்கிறது எவ்ளோ பெரிய விஷயம்னு யோசிச்சுப் பாருங்க. அதனாலதான் இவங்க பேச்சுல இன்னங்கார்த், ஊத்தங்கார்த்னு ரெண்டு வார்த்தை அடிக்கடி வரும், வேலிக்கு உள்ள, வேலிக்கு வெளிய. வேலிக்கு உள்ள இருக்குறவங்களுக்குள்ள இருக்க வேண்டிய நம்பிக்கையும் அமைதியும் கலந்த உறவுக்கு ஃப்ரித்னு பேரு. எல்லாரையும் உள்ள விட்டுட முடியாது, வேலி வேணும்ங்கிறதுல ரெண்டு தரப்புக்கும் பெருசா கருத்து வேறுபாடு கிடையாது. வேலியை எதை வெச்சுக் கட்டுறதுங்கிறதுலதான் மொத்தச் சண்டையும்.

ஐஸ்லாந்துல ஆரம்பிக்கிறேன், ஏன்னா அங்கதான் இது ரொம்ப இயல்பா தொடங்குச்சு. 1972-ல ஸ்வெய்ன்பியோர்ன் பெய்ன்டெய்ன்சன்னு ஒரு ஆடு வளக்குற விவசாயி, பழைய ரீமுர் பாட்டு மெட்டெல்லாம் அத்துப்படியான கவிஞர், நீளமா வெள்ளைத் தாடி, அவரும் சில நண்பர்களும் சேர்ந்து ஆசாத்ருவார்ஃபேலாகித்னு ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. அரசாங்கத்துல மதமா பதிவு பண்ணக் கேட்டப்போ அமைச்சர் முதல்ல விளையாட்டுன்னு நினைச்சாராம், பிஷப் எதிர்த்தாரு. இவங்க அமைச்சரைப் பாத்துட்டு வெளிய வந்த கொஞ்ச நேரத்துல இடி இடிச்சு மின்னல் வெட்டி ரெய்க்யாவிக் நடுவுல கரண்ட் போச்சுன்னு ஒரு கதை அங்க இன்னும் சொல்வாங்க, தோர் இடிக்கு சாமி இல்லையா. 1973-ல பதிவு கிடைச்சுருச்சு. அந்த ஆகஸ்ட் மாசம் ஸ்வெய்ன்பியோர்னோட பண்ணைல கொட்டுற மழைல முதல் பொது ப்ளோட் நடந்துச்சு.

ஐஸ்லாந்துக்காரங்களுக்கு இது தூரத்துல இருக்குற பழங்கதை இல்ல. ஏறத்தாழ கி.பி. 1000-ல அவங்க நாடாளுமன்றமான ஆல்திங்கு கூடி, தோர்கெய்ர்ங்கிற தலைவர் ஒரு நாள் முழுக்க போர்வைக்குள்ள படுத்து யோசிச்சுட்டு எழுந்து வந்து, நாடு பிளவுபடக்கூடாது, எல்லாரும் கிறிஸ்தவம் எடுத்துக்குவோம்னு தீர்ப்பு சொன்னாரு, வீட்டுக்குள்ள ரகசியமா பழைய சாமிக்குப் படைச்சா தப்பில்லன்னும் கொஞ்ச காலத்துக்கு விட்டு வெச்சாங்க. அந்தப் பழைய பாட்டுகளை எழுதி வெச்ச முக்கியமான கையெழுத்துப் பிரதி நூத்துக்கணக்கான வருஷமா டென்மார்க்ல இருந்துட்டு 1971-ல கப்பல்ல திரும்பி வந்துச்சு, அதுக்கு அடுத்த வருஷம்தான் இந்தச் சங்கம். அதாவது மொழி இருக்கு, பாட்டு இருக்கு, நிலம் இருக்கு. நாங்க யாருன்னு நிரூபிக்க ரத்தத்தைக் காட்ட வேண்டிய அவசியமே அவங்களுக்கு வரல.

அமெரிக்காவுல கதை வேற. அதே 1970கள் ஆரம்பத்துல டெக்சாஸ்ல ஸ்டீபன் மெக்நாலன்னு ஒருத்தர் தனியா இதே சாமிகளைக் கும்பிட ஆரம்பிச்சு, அப்புறம் ஆசாத்ரு ஃப்ரீ அசெம்ப்ளின்னு ஒரு அமைப்பை நடத்துனாரு. அவருக்கு முன்னாடியே டென்மார்க்ல பொறந்து கனடா வழியா ஃப்ளோரிடாவுக்கு வந்த எல்ஸ கிறிஸ்டென்சன்ங்கிற அம்மா 1969-ல ஓடினிஸ்ட் ஃபெல்லோஷிப்னு தொடங்கியிருந்தாங்க, அவங்க இனம்தான் மதத்துக்கு அடிப்படைன்னு வெளிப்படையாவே நம்புனவங்க. இங்க வந்து சேர்ந்தவங்களோட நிலைமையை யோசிக்கணும். தாத்தாவோட தாத்தா ஜெர்மனில இருந்தோ நார்வேல இருந்தோ கப்பல் ஏறினவரு, மொழி மறந்து போச்சு, ஊர் பேரு தெரியாது, வீட்டுல சர்ச்சுக்குப் போற பழக்கம்தான். அப்படி வேர் அறுந்த ஒருத்தர் எனக்கும் இந்த சாமிக்கும் என்ன சம்பந்தம்னு தன்னையே கேட்டா, கைல இருக்குற ஒரே பதில் ரத்தம்தான். இதை நான் பரிதாபமாத்தான் பாக்குறேன், தான் எங்க இருந்து வந்தோம்னு தேடுறதுல தப்பே இல்ல. அந்தத் தேடல்ல யாரை வெளிய தள்ளுறோம்ங்கிற இடத்துலதான் தப்பு ஆரம்பிக்குது.

1980கள்ல மெக்நாலன் இதுக்கு ஒரு கோட்பாடே உருவாக்குனாரு, மெட்டாஜெனடிக்ஸ்னு பேரு வெச்சாரு. ஒரு மக்களோட சாமியும் நம்பிக்கையும் அவங்க மரபணுவோடவே இறங்கி வருது, அதனால வேற வம்சத்துல பொறந்தவங்களுக்கு இந்த மதம் பொருந்தாதுன்னு வாதம். மரபணு விஞ்ஞானத்துல இதுக்கு எந்த ஆதாரமும் கிடையாது. ஆனா கேக்க விஞ்ஞானம் மாதிரி இருக்கும், வெறுப்பு மாதிரி இருக்காது, நாங்க யாரையும் மட்டமா சொல்லல, அவங்கவங்க அவங்கவங்க முன்னோரைக் கும்பிடட்டும்னுதானே சொல்றோம்னு மென்மையா பேசலாம். இந்த மென்மைதான் ஆபத்துன்னு நான் நினைக்கிறேன், முரட்டு நாஜியை அடையாளம் கண்டு வெளிய அனுப்புறது சுலபம்.

உண்மையான நாஜிகளும் மெக்நாலனோட ஆசாத்ரு ஃப்ரீ அசெம்ப்ளிக்குள்ள நுழையப் பாத்தாங்க, அவங்களை என்ன பண்றதுங்கிற தகராறும் நிர்வாகச் சோர்வும் சேர்ந்து 1980கள் கடைசில அமைப்பே கலைஞ்சுது. அதோட இடிபாட்டுல இருந்து ரெண்டு கிளை வந்துச்சு. 1987-ல ரிங் ஆஃப் ட்ராத், பிறகு வெறும் ட்ராத்னு ஆச்சு, இனம் பாக்காம யாரும் வரலாம்னு சொன்ன கிளை. அடுத்த வருஷம் ஆசாத்ரு அலையன்ஸ், வம்சாவளியை முக்கியமா பிடிச்சுக்கிட்ட கிளை. மெக்நாலன் 1990கள்ல ஆசாத்ரு ஃபோக் அசெம்ப்ளின்னு மறுபடி ஆரம்பிச்சாரு. யாரும் வரலாம்னு சொல்றவங்களுக்கு யூனிவர்சலிஸ்ட், வம்சம்தான் முக்கியம்னு சொல்றவங்களுக்கு ஃபோக்கிஷ்ங்கிற ரெண்டு பட்டப்பேரும் இந்தக் காலத்துல நிலைச்சுது. ஸ்வீடனைச் சேர்ந்த ஆய்வாளர் மத்தியாஸ் கார்டெல் இவங்களை மூணா பிரிச்சுக் காட்டுனாரு: வெளிப்படையான இனவெறிக்காரங்க, இனவெறியை மறுக்குறவங்க, நடுவுல நாங்க இனவெறி இல்ல ஆனா இது எங்க இனத்தோட மதம்னு சொல்றவங்க. நடுவுல இருக்குறவங்களைப் பத்திதான் அதிகமா பேசணும், ஏன்னா ஒரு புதுசா வர்ற பையன் எந்தப் பக்கம் சாய்வாங்கிறது அங்கதான் முடிவாகுது.

சரி, இந்த ரத்தக் கணக்கு பழைய வைக்கிங் காலத்துல இருந்தே வருதா? இல்லவே இல்ல, இது 19ஆம் நூற்றாண்டுச் சரக்கு. ஜெர்மனி ஒரே நாடா ஆகுறதுக்கு முன்னாடி, எங்களை ஒண்ணா கட்டுறது எதுன்னு தேடுன அறிவாளிங்க நாட்டுப்புறக் கதை, மொழி, பழைய சாமின்னு போய் நின்னாங்க. அது வரைக்கும் அழகான வேலைதான். அதே காலத்துல சமஸ்கிருதத்துக்கும் ஐரோப்பிய மொழிகளுக்கும் உறவு இருக்குன்னு கண்டுபிடிச்ச மொழியியல்ல இருந்து ஆரியன்ங்கிற வார்த்தையைப் பிடுங்கி அதை ஒரு இனத்தோட பேரா மாத்திட்டாங்க. மொழிக் குடும்பம் வேற, ரத்தம் வேறங்கிறதை வேணும்னே குழப்புன அந்தத் தப்போட விளைவு நம்ம ஊர் வரைக்கும் வந்தது தமிழ் வாசகர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வியன்னாவுல கீடோ ஃபோன் லிஸ்ட்னு ஒருத்தர் 1902-ல கண் ஆபரேஷனுக்கு அப்புறம் கட்டுப் போட்டு இருட்டுல கிடந்தப்போ ரூன் எழுத்தோட ரகசியம் தனக்குத் தெரிஞ்சுதுன்னு சொல்லி 18 ரூன் கொண்ட ஒரு வரிசையை உருவாக்குனாரு. பிறகு ஹிட்லரோட எஸ்எஸ் படையோட சட்டைக் காலர்ல இருந்த ரெட்டை மின்னல் அந்த வரிசைல இருக்குற சிக் ரூன்ல இருந்து வந்ததுதான். இன்னைக்கும் கழுத்துல ரூன் போட்டுக்கிட்டு வெளிய போற ஒரு ஹீதன் இந்தப் பாரத்தைச் சுமந்துக்கிட்டுதான் போறாரு, அவருக்குப் பிடிச்சாலும் பிடிக்காட்டியும்.

ரத்தம் பேசுறவங்க ஆதாரமா காட்டுற இன்னொரு ஆள் ரோமானிய எழுத்தாளர் டாசிடஸ். கி.பி. 98 வாக்குல எழுதுனப்போ ஜெர்மானியர் வேற யாரோடயும் கலக்காத மக்கள்னு ஒரு வரி எழுதி வெச்சுட்டாரு. தன்னோட ரோமைத் திருத்தணும்னு நினைச்சு எழுதுன ஒரு வெளியாளோட வரி அது, அதைப் பிடிச்சுக்கிட்டு ஒரு மதத்தையே கட்டுறது எனக்குச் சரியாப் படல.

பழைய பாட்டுகளையே எடுத்துப் பாருங்க. ஓடினோட அம்மா பெஸ்ட்லா, சாமிகளுக்கு எதிரியா சொல்லப்படுற யோட்டுன் குலத்துப் பொண்ணு. தோரோட அம்மா பூமி, அவளும் யோட்டுன் கூட்டத்துலதான் வர்றா. நியோர்தும் அவரோட பிள்ளை ஃப்ரேயும் பொண்ணு ஃப்ரேயாவும் வானிர்ங்கிற வேற குலம், போர் முடிஞ்சு சமாதானத்துக்காக பிணையா அனுப்பப்பட்டு வந்தவங்க, வந்த இடத்துல எல்லாரும் தொழுற சாமியா ஆனவங்க. யோட்டுன் குலத்து ஸ்காதி தன் அப்பாவைக் கொன்னதுக்கு நியாயம் கேட்டு ஆயுதத்தோட தனியா வந்தவ, அவளுக்கு கல்யாணம் பண்ணி வெச்சு உள்ள சேத்துக்கிட்டாங்க. லோகசென்னாங்கிற பாட்டுல விருந்துக்கு வெளிய தள்ளப்பட்ட லோகி உள்ள வந்து ஓடினைப் பாத்து, ஆதி காலத்துல நாம ரெண்டு பேரும் ரத்தத்தைக் கலந்துக்கிட்டோமே, எனக்கும் ஊத்தாம நீ மட்டும் குடிக்க மாட்டேன்னு சொன்னியேன்னு கேக்குறான், ஓடின் உடனே தன் மகனை எழுந்திருக்கச் சொல்லி லோகிக்கு இடம் குடுக்குறாரு. ரத்தம் ரத்தம்னு பேசுறவங்க இந்த இடத்தைப் படிக்கணும், இதுல வர்ற ரத்தம் பிறப்புல வந்தது இல்ல, கலந்தது.

அதுக்காக பழைய பாட்டெல்லாம் சமத்துவம் பேசுதுன்னு நான் சொல்ல வரல, அது பொய்யாயிடும். வைக்கிங் காலம் அடிமை வியாபாரத்துல கொழிச்ச காலம். ரீக்ஸ்தூலாங்கிற பாட்டு அடிமை, குடியானவன், பிரபுன்னு மூணு வகுப்பு எப்படி வந்துச்சுன்னு கதை சொல்லுது, அதுல அடிமைப் பிள்ளையை கறுத்தவனா, முதுகு வளைஞ்சவனா, முகம் கோரமானவனா வர்ணிக்கும், பிரபுவோட பிள்ளைக்கு வெளுத்த முடி, மின்னுற கன்னம். படிக்கும்போது மனசு சுருங்கும். ஆனா அதே பாட்டுல மூணு பிள்ளைங்களுக்கும் அப்பா ஒரே சாமிதான், அதனால எல்லா மனுசனும் ஒரே தகப்பனோட பிள்ளைங்கன்னு யூனிவர்சலிஸ்ட் பக்கம் இதே பாட்டைக் காட்டுவாங்க. ரெண்டு பேருக்கும் அதுல வரி கிடைக்கும். பழைய நூல் தானா வந்து தீர்ப்பு சொல்லாது, எந்த வரியைக் கையில எடுக்குறோம்ங்கிற பொறுப்பு இன்னைக்கு உயிரோட இருக்குறவங்க தலைலதான்.

மண்ணுக்குள்ள இருந்து வந்த சாட்சி இன்னும் தெளிவா இருக்கு. 2020-ல நேச்சர் இதழ்ல வந்த ஆய்வுல வைக்கிங் காலத்தை ஒட்டின 442 பேரோட பழைய டிஎன்ஏ-வைப் பாத்தாங்க. ஸ்காட்லாந்துக்கு வடக்க இருக்குற ஆர்க்னி தீவுல வைக்கிங் முறைல, வைக்கிங் வாளோட புதைச்சிருந்த ரெண்டு பேருக்கு ஸ்காண்டிநேவிய மரபணுவே இல்ல, உள்ளூர் ஆளுங்க. அவங்க செத்தப்போ சொந்தபந்தம் அவங்களை வைக்கிங்காத்தான் மரியாதை பண்ணி அனுப்பியிருக்கு. ஐஸ்லாந்துல முதல்ல குடியேறின பெண்கள்ல பாதிக்கு மேல அயர்லாந்து, ஸ்காட்லாந்து பக்கத்து வம்சம்னு தாய்வழி மரபணு சொல்லுது, அதுல எத்தனை பேர் விருப்பத்தோட வந்தவங்க, எத்தனை பேர் பிடிச்சுட்டு வரப்பட்டவங்கங்கிறது வேற சோகம். ஸ்வீடன்ல ஹெல்யோங்கிற தீவுல தோண்டுனப்போ இந்தியத் துணைக்கண்டத்தோட வடமேற்குப் பக்கம் செஞ்ச ஒரு சின்ன வெண்கல புத்தர் சிலையே கிடைச்சுது. இப்படி நாலு திசையும் கலந்து கிடந்த உலகத்தை சுத்த ரத்த உலகம்னு சொல்றது அந்த முன்னோர்களுக்கே பண்ற அநியாயம்.

இந்த ரத்த வாதம் எங்க வரைக்கும் போகும்ங்கிறதுக்கு ஒரு சம்பவம் சொல்றேன். 1996-ல அமெரிக்காவுல வாஷிங்டன் மாநிலத்துல கெனவிக்ங்கிற ஊர்ல கொலம்பியா ஆத்தங்கரைல ஒரு எலும்புக்கூடு கிடைச்சுது, ஏறத்தாழ 8,500 வருஷத்துக்கு மேல பழசு. முதல்ல பாத்த மானுடவியலாளர் மண்டை ஓட்டு வடிவத்தை வெச்சு ஐரோப்பிய சாயல் மாதிரி இருக்குன்னு சொல்லிட்டாரு. அந்தப் பகுதிப் பழங்குடி மக்கள் இவர் எங்க மூதாதை, எங்க முறைப்படி அடக்கம் பண்ணணும், குடுங்கன்னு கேட்டாங்க. உடனே மெக்நாலனோட அமைப்பு, இல்ல இவர் எங்க மூதாதைன்னு கோர்ட்டுக்குப் போச்சு, ஆத்தங்கரைல சடங்கும் நடத்துனாங்க. பிறகு நடுவுலயே வழக்குல இருந்து விலகிட்டாங்க, விஞ்ஞானிகளோட தனி வழக்கு வருஷக்கணக்கா ஓடுச்சு. 2015-ல டிஎன்ஏ முடிவு வந்துச்சு, பழங்குடி மக்கள் சொன்னதுதான் சரி. 2017 பிப்ரவரில அவரை அந்த மக்கள் ஊருக்குச் சொல்லாத ஒரு இடத்துல மறுபடி மண்ணுல சேத்தாங்க. 20 வருஷத்துக்கு மேல ஒரு பெரியவரோட எலும்பு டப்பாவுல கிடந்துச்சு. தன் முன்னோரை மதிக்கிறோம்னு சொல்ற ஒரு மதம் இன்னொருத்தரோட முன்னோருக்கு உரிமை கொண்டாடப் போனது எனக்கு இன்னும் ஜீரணமாகல.

2016-ல எல்லாம் வெடிச்சுது. ஆசாத்ரு ஃபோக் அசெம்ப்ளி தலைமைல இருந்து மெக்நாலன் ஒதுங்கி புதுத் தலைமை வந்த கையோட, அந்த அமைப்பு ஆகஸ்ட் மாசம் வெளிப்படையாவே வெள்ளைக் குழந்தைகளைக் கொண்டாடியும் ஆண் பெண்ணைத் தவிர வேற பாலின அடையாளத்தை ஏத்துக்க மாட்டோம்னும் ஃபேஸ்புக்ல அறிவிச்சுது. அது வரைக்கும் இருந்த மென்மையான போர்வை போச்சு. பதிலுக்கு மத்த ஹீதன்கள் சேர்ந்து டிக்ளரேஷன் 127-னு ஒரு அறிக்கை விட்டாங்க. ஹாவமால்ங்கிற பழைய பாட்டுல 127ஆவது செய்யுள், கெடுதலைக் கண்டா கெடுதல்னு சொல்லு, எதிரிக்கு அமைதி குடுக்காதேன்னு வரும், அந்த எண்தான் பேரு. இப்படி பாகுபாடு காட்டுற வரைக்கும் அந்த அமைப்போட சேர மாட்டோம், அதை வளக்க மாட்டோம், அவங்க விருப்பப்படி நிக்கட்டும், தனியா நிக்கட்டும்னு சொன்னாங்க. கிட்டத்தட்ட 20 நாட்டுல இருந்து 180-க்கு மேல குழுக்கள் கையெழுத்துப் போட்டாங்க.

இதுல நான் ரொம்ப கவனிச்சது ஒண்ணு. செய்யுளோட மூலத்துல அமைதிக்கு வர்ற வார்த்தை அதே ஃப்ரித்தான். யாருக்கு ஃப்ரித் குடுக்கக்கூடாதுன்னு பழைய பாட்டே சொல்லுதுன்னு எடுத்து, வேலியை மறுபடி நட்டாங்க, இந்த தடவை பிறப்பை வெச்சு இல்ல, நடத்தையை வெச்சு. எல்லாரையும் சேத்துக்குறோம்னு சொல்ற நீங்களே ஒரு கூட்டத்தை ஒதுக்குறீங்களேன்னு ஃபோக்கிஷ் பக்கம் கேட்டாங்க. நியாயமா கேட்ட மாதிரி இருக்கும். ஆனா ஒருத்தர் மாத்திக்கவே முடியாத தோல் நிறத்துக்காக வாசலை மூடுறதும், நாளைக்கே மாத்திக்கக்கூடிய ஒரு நிலைப்பாட்டுக்காக வாசலை மூடுறதும் எப்படி ஒண்ணாகும்? ரெண்டாவது வாசல்ல தாழ்ப்பாள் வெளிய நிக்குறவர் கைலதான் இருக்கு.

அதே சமயம் கையெழுத்துப் போடுறதோட வேலை முடிஞ்சுருச்சுன்னும் சொல்ல முடியாது. தோல் கறுத்த ஒருத்தர் முதல் தடவை ஒரு ப்ளோட்டுக்கு வந்தா, நீங்க ஏன் உங்க முன்னோர் மதத்துக்குப் போகலன்னு யாராவது ஒருத்தர் கேட்டுடுறாங்க, நல்ல எண்ணத்துலயே கூட. பக்கத்துல நிக்குற வெள்ளைக்காரரை யாரும் அப்படிக் கேக்க மாட்டாங்க, அவரோட முன்னோரும் ஆயிரம் வருஷமா கிறிஸ்தவங்கதான், அவரும் புதுசா வந்து சேர்ந்தவர்தான். அந்தக் கேள்வி கேக்கப்படுற வரைக்கும் மெட்டாஜெனடிக்ஸ் அந்த அறைக்குள்ள உக்காந்துதான் இருக்குன்னு அர்த்தம்.

சட்டம் இதுல எப்படி வருதுன்னும் சொல்லணும், அது ரொம்பச் சிக்கலான இடம். அமெரிக்காவுல 2000-ல வந்த ஒரு மத உரிமைச் சட்டம் ரெண்டு இடத்துல பாதுகாப்பு குடுக்குது, ஒண்ணு நில உபயோகம், இன்னொண்ணு சிறை. ஒஹையோ சிறைல இருந்த ஆசாத்ரு கைதி உட்பட சில சிறுபான்மை மதக்காரங்க போட்ட வழக்குல 2005-ல உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லும்னு ஒருமனதா சொல்லுச்சு. நல்ல தீர்ப்பு. ஆனா சிறைக்குள்ள வெள்ளை இனவெறி கும்பல்களும் இதே சாமி பேரைத்தான் சொல்லுது, அதனால உள்ள போய் வழிபாடு நடத்துற நல்ல ஹீதன் பூசாரிங்க சாமி பேரை கும்பல் கைல இருந்து பிடுங்குற வேலையையும் சேத்து செய்ய வேண்டியிருக்கு. அடுத்து 2020-ல மினசோட்டாவுல மர்டாக்னு 300 பேர் கூட இல்லாத ஒரு ஊர்ல, கைவிட்டுப் போன ஒரு லூதரன் சர்ச்சை ஆசாத்ரு ஃபோக் அசெம்ப்ளி வாங்குச்சு. வெள்ளைக்காரங்களுக்கு மட்டும்னு ஒரு கோயில் எங்க ஊர்ல வேண்டாம்னு ஊர்க்காரங்க எதிர்த்தாங்க. நம்பிக்கையை வெச்சு அனுமதி மறுத்தா வழக்குல தோப்போம்னு வக்கீல் சொன்ன நிலைமைல, டிசம்பர்ல ஊர் கவுன்சில் 3-க்கு 1-னு அனுமதி குடுத்துச்சு. கைதியைக் காப்பாத்துன அதே சட்டம். சட்டத்தைக் குறை சொல்ல எனக்கு மனசு வரல, அது இல்லாட்டி முதல்ல அடிபடுறது சின்ன மதங்கள்தான். ஆனா அதோட எல்லை அவ்ளோதான், உள்ள யாரை விடணும்ங்கிறதை மதம்தான் தனக்குள்ள பேசித் தீத்துக்கணும்.

அடுத்த மாசமே, 2021 ஜனவரி 6, அமெரிக்க நாடாளுமன்றத்துக்குள்ள கும்பல் புகுந்தப்போ கொம்பு வெச்ச தொப்பியோட நின்னவரோட வெத்து மார்புல மூணு முக்கோணம் பின்னின வால்க்னுட் சின்னம், உலக மரம், தோரோட சுத்தியல் மூணும் பச்சை குத்தியிருந்துச்சு. உலகமே அந்தப் படத்தைப் பாத்துச்சு. அந்த சுத்தியல் 2013-ல இருந்து அமெரிக்க ராணுவத்தினரோட கல்லறைக் கல்லுல செதுக்க அனுமதி கிடைச்ச சின்னம், பல வருஷம் மனு போட்டு வாங்குனது. பிள்ளையைப் பறிகுடுத்து அந்தக் கல்லைப் பாத்து ஆறுதல் தேடுற ஒரு குடும்பம் அன்னைக்கு டிவியைப் பாத்தப்போ என்ன நினைச்சிருக்கும்?

எல்லாரையும் சேத்துக்குற பக்கத்துலயும் உள்ளுக்குள்ள வேலித் தகராறு உண்டு. ட்ராத் அமைப்போட கூட்டங்கள்ல பல வருஷம் லோகி பேரைச் சொல்லி கொம்பைத் தூக்கக்கூடாதுன்னு தடை இருந்துச்சு, லோகி கடைசிப் போர்ல சாமிகளுக்கு எதிரா நிப்பான், அவன் பேரைச் சொன்னா எல்லார் விதியும் கெடும்னு ஒரு சாரார் பயந்தாங்க. லோகியோ ஆணா பெண்ணா மாறி மாறி வர்றவன், குட்டி போட்ட குதிரையாவே ஆனவன். திருநர், தன்பால் ஈர்ப்புள்ள பக்தர்கள் நிறையப் பேர் அவன்கிட்டதான் தன்னைப் பாக்குறாங்க. உங்களை வரவேற்கிறோம், உங்க சாமியை மட்டும் வாசல்லயே விட்டுட்டு வாங்கன்னா அது என்ன வரவேற்புன்னு அவங்க கேட்டுக்கிட்டே இருந்தாங்க. 2019-ல தடையை எடுத்தாங்க.

ஐஸ்லாந்து சங்கத்துக்கு 2003-ல தலைவரா வந்தவர் ஹில்மர் ஓர்ன் ஹில்மர்சன்னு ஒரு இசையமைப்பாளர். எட்டுக் கால் குதிரைல ஒத்தைக் கண்ணோட ஒருத்தர், அதாவது ஓடின், சுத்துறாருன்னு யாரும் நேரடியா நம்பல, இந்தக் கதைகள் எங்களுக்கு கவிதை உருவகம்னு அவர் வெளிப்படையா சொல்வாரு. 2015-ல ரெய்க்யாவிக்ல ஓஸ்க்யுஹ்லித் குன்றுச் சரிவுல கோயில் கட்டப்போறோம்னு செய்தி உலகம் முழுக்கப் போனப்போ, அங்க தன்பால் கல்யாணமும் நடக்கும்னு தெரிஞ்சு வெளிநாட்டுல இருந்து வசவும் மிரட்டலுமா கடிதம் வந்துச்சு. அனுப்புனவங்க மனசுல ஐஸ்லாந்து ஒரு சுத்தமான தாய்வீடு, அந்த வீட்டுல இருக்குறவங்களே தங்களை மாதிரி நினைக்கலங்கிறது அவங்களால தாங்க முடியல. சங்கம் அசையல. எங்க மதத்தை இனவெறிக்கு சாக்கா எடுக்காதீங்கன்னு அவங்க முன்னாடியே சொல்லியிருந்தாங்க. கோயில் வேலை நினைச்சதை விட ரொம்ப இழுத்துருச்சு, ஆனா நாலு லட்சத்துக்குள்ள மக்கள் இருக்குற அந்த நாட்டுல சங்கத்தோட உறுப்பினர் எண்ணிக்கை 5,000-ஐத் தாண்டிருச்சு. சேரணும்னா பதிவேட்டுல பேரை மாத்தணும், அவ்ளோதான். தாத்தா பேரை யாரும் கேக்குறதில்ல.